மட்டம் வைத்த முகம்

ரசமட்டத்தைச் சுவரில் எப்படித் திருப்பி வைத்தாலும் குமிழி நடுவுக்கு வரவில்லை. ஏசுவடியானுக்குச் சிரிப்புதான் வந்தது.

குற்றாலம் மலையடியில் உள்ள பழைய தேவாலயத்தின் பீடச் சுவர் அது. எந்தக் காலத்திலோ வந்த ஒரு பாதிரியார், பைசாந்திய முறை என்று சொல்லி, நகத்தளவு பொன் கண்ணாடிக் கற்களால் ஒரு தேவதூதனின் முகத்தை அதில் பதித்திருந்தார். ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு பக்கம் சரிந்து நின்றது. கூலிக்கு மாரடித்த வேலை. தென்காசி வட்டாரத்தில் முப்பது வருஷமாக மயிரிழை பிசகாமல் டைல்ஸ் ஒட்டிவரும் அவருடைய மகளுக்குத் திங்கட்கிழமை இங்கேதான் கல்யாணம். இந்தக் கோணலுக்கு முன்னால் நின்று ஜெனி போட்டோ எடுத்தால் சம்பந்தி வீட்டார் சிரிக்கமாட்டார்களா?

தேவாலயத்தைப் பெருக்கும் தங்கபுஷ்பம், கற்களை மட்டமாக்க அவர் சாத்திய ஏணியைப் பிடித்து நிறுத்தினாள்.

"கை வைக்காதீங்க அண்ணாச்சி. சரிச்சுத்தான் பதிச்சிருக்காவ. அப்பந்தான் அதோட பார்வ செதறும். எல்லாரையும் கொஞ்சங் கொஞ்சமாப் பாக்கும். ஒராளையே பாத்திரக் கூடாது."

"படத்த நாமதான் பாக்கணும். படமா நம்மளப் பாக்கும்?"

துடைப்பம் பிடித்தவளெல்லாம் தனக்கு வேலை சொல்லித்தர வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு ஏறினார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சாரலில் இறங்கிப் போய்விட்டாள். மணப்பெண் நிற்கவேண்டிய படியில், போட்டோவுக்கு அளவு பார்ப்பதற்காக, ஜெனி நின்றாள்.

ஓட்டின் மேல் சாரல் விடாமல் பிசுபிசுக்க, வௌவால் நாற்றமும் நனைந்த சுண்ணாம்பின் வாடையும் மூக்கில் ஏற, கரண்ட் போன அந்தப் பகல் இருட்டிலும் எங்கிருந்தோ வெளிச்சம் வாங்கி அந்தப் பொன் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. தேவதூதனின் கண்ணில் மணியாக இருந்த கறுப்புக் கல்லை நெம்பி எடுத்தார். சுட்டது. பத்து நாளாக வெயிலே இல்லை. பழைய சுண்ணாம்பின் லட்சணம் என்று அதையும் ஏளனம் செய்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்தி மட்டமாகப் பதித்தார். அடுத்தது. அதற்கடுத்தது.

"யப்பா, கண்ணு கூசுது."

"கரண்டே இல்ல, என்ன கூசுதாம்? அசையாம நில்லுட்டி."

கடைசிக் கல் உட்கார்ந்தது. சுவரெங்கும் சிதறிக் கிடந்த மினுக்கம் ஒன்றாகக் கூடியது. ஒரே கோடாகக் கீழே, ஜெனி நின்ற படியில் இறங்கியது.

சாரல் சத்தம் நின்றுபோயிருந்தது.

"ஜெனி."

இறங்கினார். படி தவறியது.

அசையாமல்தான் நின்றாள். முகத்தில் நிழலே இல்லை. கன்னத்தைத் தொட்டார். சில்லென்றிருந்தது. விரலில் விளிம்புகள் தட்டின. சின்னச் சின்ன விளிம்புகள்.

அந்தக் கன்னத்திலிருந்து ஒரு பொன் கல் கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. அது விட்ட குழிக்குள் ஈரச் சுண்ணாம்பு, மூச்சுக்கு மூச்சு, எழும்பித் தணிந்துகொண்டிருந்தது.