சங்கம் திறந்த வால்வு

கடுக்காய்க் கம்பெனிக் குடியிருப்பில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது.

எதை யார் செய்தாலும், செய்தவர் பெயரைச் சொல்லக்கூடாது!

வெள்ளைக்கார மேனேஜர் காலத்தில் பிறந்த வழக்கம் அது. தண்ணீர் கேட்டு ஆபீஸ் மணியை அடித்தவன் யாரென்று துரை கேட்டார். பெயர் சொன்னார்கள். அன்றே அவன் குடும்பத்தோடு மலையிறக்கப்பட்டான். மறுமுறை துரை கேட்டபோது நாற்பது வீடுகளிலும் ஒரே பதில்...

"சங்கம்!"

துரை போனார். பதில் போகவில்லை. 1978லும் சாக்கடை தூர்வாருவது சங்கம். நோயாளியைக் கட்டிலோடு மலைக்குக் கீழே ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்குச் சுமப்பது சங்கம். எவருக்கும் தனியாக நன்றி இல்லை. தனியாகப் பழியும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணி. மேட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஓர் அலறல்!

"ஐயோ... ஓடியாங்களேன்!"

தொட்டி கழுவப் போன கணவன் ராஜாக்கண்ணுவுக்குச் சோறு கொண்டுபோன கெங்கம்மாள்!

காலியாக இருக்கவேண்டிய தொட்டி நிரம்பியிருந்தது. சிவப்புத் துண்டு மேலே மிதந்தது. துண்டுக்குரியவன் அடியில் கிடந்தான்!

மாலை பஸ்ஸில் மலையேறிய கோவிந்தனுக்கு நிறுத்தத்திலேயே செய்தி கிடைத்தது.

"ராஜாக்கண்ணு பூட்டாருப்பா! உள்ள இருக்கச்சொல்லவே தண்ணியத் தொறந்து வுட்டாங்களாம்..."

"யாரு?"

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டான்.

"இன்னாப்பா கேள்வி இது? சங்கம்தான்!"

கோவிந்தன் மேட்டைத் திரும்பிப் பார்த்தான்.

திறந்தவன் அவன்!

அந்த வாரம், மேட்டுக்குக் கீழிருந்து தொட்டிக்குத் தண்ணீர் விடும் வால்வைத் திறக்கும் முறை அவனுடையது. வழக்கமாக மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். அன்று பத்தரைக்கே வேலை முடிந்ததாகச் சங்கம் சொன்னது, திறந்தான். ஆனால் திறப்பதற்குமுன் ஸ்பானரால் குழாயை மூன்று முறை தட்டவேண்டும். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு ஒரு தட்டு வரும். அதற்காகக் காத்திருக்கவேண்டும்.

அவன் தட்டவில்லை. ஒடுகத்தூர் டென்ட் கொட்டகையில் பகல் காட்சி... பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது!

"இன்னாத்துக்கு இப்டிக் குந்திக்கினு கீற? சோறு ஆறுது." மனைவி பாஞ்சாலை கேட்டாள்.

"ஒண்ணுமில்ல... பசியில்ல."

"பாவம் அந்த அண்ணன். போன வருசம் ஜொரத்துல என்னைக் கட்டில்ல தூக்கினு போனாங்களே... யாரு தூக்கறாங்கன்னு தெரியக்கூடாதுன்னு போத்தி வுட்டிருந்தாங்க. நான் வெலக்கிப் பாத்தேன். எந் தலமாட்ட சொமந்துக்கினு வந்தவரு அவருதான். யாராண்டயும் சொல்லல."

கோவிந்தன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

மறுநாள் பகல். சங்கக் கட்டடத்தில் இன்ஸ்பெக்டர் சக்கரவர்த்தி, மடித்த காகிதமொன்றைப் பையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

"வால்வைத் தொறந்தது யாரு?"

"சங்கமுங்க!"

"ஓஹோ... சங்கம் கைய நீட்டி ஸ்பானர் புடிச்சுதா?"

கான்ஸ்டபிள் குப்பன் பேனாவைத் திறந்தார். "ஐயா... சங்கத்தோட அப்பன் பேரு இன்னான்னு எழுதிக்கட்டுங்களா?"

"எழுதுய்யா... கம்பெனின்னு!"

சங்கத் தலைவர் ஆதிநாராயணன் கைகூப்பி எழுந்தார். "கால் வழுக்கி வுழுந்துட்டான் சார். காரியமெல்லாம் சங்கமே பாத்துக்கும். ஏழை ஜனங்களப் பேஜார் பண்ணாதீங்க."

"வழுக்கி வுழுந்தாரா?" கெங்கம்மாள் சீறினாள். "தண்ணி எப்டி வந்துச்சி? எனக்கு ஒரு பேரு சொல்லுங்க! யாரைத் திட்டி அழுவறது நானு? சங்கத்தையா?"

கட்டடம் முழுவதும் தலை குனிந்தது.

கோவிந்தன் எழப் பார்த்தான். ஆதிநாராயணன் அவன் தோளை அழுத்தினார். குரல் தணிந்தது.

"கம்முனு குந்து, கோவிந்தா. பேரு வெளிய போச்சின்னா உனுக்கு ஜெயிலு. நாளைக்கு உன் பொஞ்சாதிக்கு ஒண்ணுன்னா கட்டில் தூக்க ஒருத்தன் வரமாட்டான்."

உண்மை. அச்சுறுத்தும் உண்மை!

இருந்தும் கோவிந்தன் எழுந்தான்.

"நான்!"

நாற்பது தலைகளும் திரும்பின.

"நான்தாங்க தொறந்தேன்! கொழாயத் தட்டல. சினிமாவுக்குப் பஸ் பூடுமேன்னு... யக்கா, திட்டுக்கா! என்னைத் திட்டு!"

கெங்கம்மாள் அவன் சட்டையைப் பிடித்தாள். 

இன்ஸ்பெக்டர் மெதுவாகக் காகிதத்தைப் பிரித்தார்.

"டாக்டர் ரிப்போர்ட். நுரையீரல்ல சொட்டுத் தண்ணி இல்ல. பின்மண்டை உடைஞ்சிருக்கு. தண்ணி வர்றதுக்கு முன்னாடியே ஆளு செத்தாச்சு!"

"சார்...?"

"நீ முப்பது தட்டு தட்டியிருந்தாலும் பதில் வந்திருக்காதுப்பா. தொட்டி மேல நின்னா பின்பக்கப் பாதை தெரியும். அங்க லாரித் தடம்... சந்தனச் செதிலு! திருட்டுக் கட்டை ஏத்தறதை ராஜாக்கண்ணு பாத்துட்டார். அடிச்சுத் தொட்டில தள்ளிட்டான் ஒருத்தன். மூழ்கிச் செத்ததா காட்டணும்னா தண்ணி வேணும்... தண்ணி தொறக்க ஒரு அவசரக்காரன் வேணும்!"

குப்பன் ஈரத் துடைப்பம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"தொட்டிக்குள்ள கெடந்துது. தண்ணிய வடிச்சிப் பாத்தா, பாதித் தொட்டி பாசியோட அப்படியே கீது. வேலை முடியவே இல்ல! முடிஞ்சுதுன்னு உன்னாண்ட சொன்னது யாருப்பா?"

"சங்கம் சொல்லிச்சிங்க..." பழக்கம் பேசியது.

பேசியவன் உறைந்தான்.

சங்கமா? சங்கம் எப்போது அவன் வீட்டு வாசலுக்கு வந்தது? ஞாயிறு காலை பத்தரைக்கு வந்தது ஒரு மனிதர் அல்லவா! மூச்சு வாங்க நின்றவர்... நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தவர்... "சங்கம் சொல்லுது. தொறந்துட்டு ஓடு, பஸ்ஸு பூடும்" என்று சிரித்தவர்...

இத்தனை நேரமும் அவன் நினைவில் அவருக்கு முகமே இருக்கவில்லை. இப்போது முகம் வந்தது!

மறுபடி தோளை அழுத்திய கையைக் கோவிந்தன் உதறினான்.

"ஆதிநாராயணன்!" குரல் கட்டடத்தை நிறைத்தது. "இவருதான் வந்து சொன்னாரு! ஆதிநாராயணன்!"

"டேய்! சார்... அது... சங்கம் கூடி முடிவு பண்ணி..."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"சங்கத்துக்கே மாட்டலாம்னுதான் கொண்டாந்தேன், தலைவரே... பாவம், அதுக்குக் கை இல்லையாம். உங்களுக்கு ரெண்டு இருக்கு... நீட்டுங்க!"