நூறில் நின்ற பெடல்

காலை ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். காபி போட்டான். மூன்று மாதமாகியும் கை இரண்டு பேருக்குத்தான் பால் ஊற்றியது. மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு, வீட்டை ஒட்டிய தன் மெக்கானிக் ஷெட்டைத் திறந்தான்.

மனைவியின் கார் முன்பக்கம் புதுத் தகரத்தோடு நின்றது. நேற்று அவன் தன் நீளக் காலுக்காகப் பின்னால் தள்ளிவைத்த ஓட்டுநர் சீட், இப்போது ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் இருந்தது.

அவள் குள்ளம். அப்படித்தான் வைத்துக்கொள்வாள்.

தள்ளிவைத்ததாக நினைப்பாயிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். பூட்டிய காரின் சாவி அவன் பையிலேயே இருந்தது.

எட்டு மணிக்கு அவளுடைய அண்ணன் வந்து வண்டியை எடுத்துப்போவதாக ஏற்பாடு. சாவியைத் திருப்பி, இன்ஜினை எழுப்பாமல், கோளாறு காட்டும் ஸ்கேனரைச் சொருகினான். ஒரே ஒரு கோளாறு கோட் வந்தது. இன்ஜினுக்கு இழுவை கூட்டும் டர்போவின் அழுத்தம் பார்க்கும் சென்சாரிலிருந்து சிக்னல் இல்லை.

அதே கோட். விபத்துக்கு முந்தின நாள், மஞ்சள் விளக்கு எரிகிறதென்று அவள் வந்து நின்றபோது பார்த்தது. அன்று வேலை தலைக்கு மேல். ஒயரைத் தேடாமல் கோட் எண்ணை மட்டும் அழித்தான். விளக்கு அணைந்தது. "பாத்துட்டேன், போ" என்றான்.

அழித்த கோட் மறுபடி விழுந்த நொடியில் வண்டி எப்படி இருந்ததென்று அதன் கணினி குறித்துவைக்கும். இத்தனை நாள் திறக்காத அந்தப் பதிவைத் திறந்தான். வேகம் அறுபத்தொன்று. டர்போ அழுத்தம் பூஜ்யம். ஆக்ஸிலரேட்டர் பெடல் நூறு சதவீதம்.

ஏற்றம். அவள் முந்தப்போன லாரி. எதிரே பஸ். சிக்னல் அறுந்ததும் வண்டி இழுவையை விட்டுவிட்டது. அவள் தரையோடு தரையாக மிதித்திருக்கிறாள். அவசரக்காரி, பறந்து போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஊரே சொன்னது. அவனும் தலையாட்டினான்.

டார்ச் அடித்துத் தேடினான். டர்போ குழாயில் உரசி உரசி ஒயரின் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. ஒரு விரல் அகலம். பத்து நிமிட வேலை. புது ஒயர் இணைத்தான். கோட் எண்ணை அழித்தான். திரும்ப வரவில்லை.

திறந்த பானட்டின் ஓரமாக நின்று ஸ்கேனரைப் பார்த்தான். சூடான ஒயர் உறையின் நாற்றம், காயாத பெயின்ட், அவற்றுக்கடியில் எங்கிருந்தோ மெல்லியதாக அவள் தலைக்குத் தடவும் எண்ணெய் வாசனை. அழுத்தம் சரி. சூடு சரி. பெடல் பூஜ்யம்.

பெடல் நான்கு.

எட்டிப் பார்த்தான். சீட்டில் யாருமில்லை.

பத்தொன்பது. உள்ளே ஸ்பிரிங் முனகியது. நாற்பத்து மூன்று.

பேட்டரி ஒயரைக் கழற்றி எறிந்தான். டாஷ்போர்டு இருண்டது. ஸ்கேனரில் எண் நிற்கவில்லை.

எழுபத்தெட்டு.

"என்ன மாப்ள, ரெடியா?" கேட்டிலிருந்தே மச்சான் குரல் கொடுத்தார். "என் பொண்டாட்டி பாப்பாவுக்கு ஷூவ மாட்டிட்டு வாசல்லயே நிக்கிறா. இனிமே இத ஓட்டித்தான் அவள ஸ்கூல்ல விடுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா!"

அவன் திரும்பவில்லை.

"பயப்படாதீங்க, என் தங்கச்சி மாதிரி அவசரக்காரி இல்ல இவ." கேட்டைத் தள்ளித் திறந்தார். "நல்லா பாத்துட்டீங்கள்ல?"

அவள்மேல் தப்பில்லை மச்சான். நான் பார்க்கவே இல்லை. நாக்கு நுனிவரை வந்தது.

"பாத்துட்டேன்" என்றான்.

உள்ளே க்ளிக்.

சீட் பெல்ட். காலிச் சீட்டின் குறுக்கே. ஒரு குள்ளப் பெண்ணின் தோள் உயரத்தில். மாட்டியிருந்தது. மூச்சு வாங்குவதுபோல் ஏறியது. இறங்கியது. கீழே பெடல் தரையோடு தரையாக.

நூறு.

விபத்தன்று காலை கண்ணாடியை இறக்கி, சிரித்துக்கொண்டு, அவள் கடைசியாகச் சொன்னது:

"அதான் நீங்க பாத்துட்டீங்கள்ல. அப்புறம் எனக்கென்ன பயம்?"