மேலக்கானூர் பங்களாவின் சுரங்க வாய்க்கால்

"நகை கெடைச்சா எனக்குப் பாதி. இப்பமே சொல்லிட்டேன்" என்றபடி சங்கரபாண்டி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான்.

வாய்க்காலுக்குள் ஜமீன் நகை புதைந்திருப்பதாக அவன் நம்பினான். அவனுடைய பெரியப்பா மகள் ரேணுகாவுக்கு நகை வேண்டாம்; தண்ணீர்தான் வேண்டும். மலையடிவாரத்தில் அவளுடைய பூட்டனார் கட்டிய ஜமீன் பங்களா பல கோலம் பார்த்துவிட்டது. ஜமீன் போனதும் பள்ளிக்கூடமானது, பிறகு நெல் கிடங்கானது, கடைசியில் வௌவால்கள் குடியேறின. நீரூற்றும் தெப்பக்குளமுமாக இருந்த தோட்டம் கருகிக் கிடந்தது. அப்பா அதை மர அறுவை ஆலைக்காரருக்கு விற்க ஒப்புக்கொண்டுவிட்டார். நாளை பத்திரப்பதிவு. மலை ஓடை நீரைக் குளத்துக்குக் கொண்டுவந்த சுரங்க வாய்க்கால் ஏன் வறண்டது என்பதை அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி வறண்ட குளத்தின் கரையில் நண்பன் ஜெபசிங் நின்றான். "ரெண்டு தடவ இழுத்தா நான் இழுத்துருவேன். பாத்துப் போங்க."

ரேணுகாவாலும் சங்கரபாண்டியாலும் உள்ளே தவழ்ந்துதான் போக முடிந்தது. பாதி வழியில் மண் சரிந்து அடைத்திருந்தது. மண்வெட்டியால் ஆள் நுழையும் அளவுக்கு வழி செய்து அப்பால் போனார்கள். டார்ச் வெளிச்சத்தில் ஒரு சுவர் குறுக்கே நின்றது.

"அக்கா, இதுக்குப் பின்னாலதான் நகை!" சங்கரபாண்டி கடப்பாரையை ஓங்கினான்.

"பொறுடா. இது சிமென்ட். ஜமீன் காலத்துல சுண்ணாம்புல்லா?" அவள் சுவரில் கை வைத்தாள். ஈரமாகச் சில்லிட்டது. யார் கட்டியிருப்பார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. மூட்டைகள் நனையாமலிருக்கக் கிடங்குக்காரர்கள் அடைத்திருக்கிறார்கள். "பின்னால முழுக்கத் தண்ணி. வெளியில போய் யோசிப்போம், வா."

அவன் கேட்கவில்லை. ஒரே குத்து. செங்கல் பெயர்ந்து நீர் பீய்ச்சியது. இருவரும் பின்வாங்குவதற்குள் சுவரே விரிசல் விட்டது. மண்சரிவு இடுக்கில் சங்கரபாண்டியின் கால் மாட்டிக்கொண்டது. முன்னே போய்விட்ட ரேணுகா திரும்பினாள். கழுத்தளவு நீரில் மூச்சடக்கி மூழ்கி, அவன் காலைச் சுற்றியிருந்த கல்லைப் புரட்டிவிட்டு, கயிற்றை இரண்டு முறை இழுத்தாள்.

ஜெபசிங் பலம் கொண்டமட்டும் இழுத்தான். வெள்ளம் இருவரையும் உருட்டிக் குளத்தில் தள்ளியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த அப்பா முதலில் மகளின் கைகால்களைத் தடவிப் பார்த்தார். "ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? செத்துருப்பிய." திட்டிக்கொண்டே குளத்துப் படியில் உட்கார்ந்தார். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. அவர் எழவில்லை. உட்கார்ந்தபடியே செல்போனில் ஆலைக்காரரை அழைத்தார்.

"அண்ணாச்சி, நாளைக்கு வரவேண்டாம். தோட்டத்த குடுக்கிறதா இல்ல."

சங்கரபாண்டி சிராய்த்த காலைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்தான். "நீ சொன்னப்பமே வந்திருக்கணும்க்கா."

"நடக்க முடியுமா? அப்ப எந்திரி. கொளத்துச் சருக அள்ளணும்" என்றாள் ரேணுகா.

மாலையில் ஊரார் வேடிக்கை பார்க்க வாசலில் கூடினார்கள். ஜமீன் காலத்தில் ஊராரை உள்ளே விட்டதில்லை. அப்பா துருப்பிடித்த பெரிய கதவை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்து, "உள்ள வாங்க" என்றார்.