ரோதைமுனியின் பல்

எந்தப் பொருளிலும் சக்தி இல்லை. பயந்த மனிதன்தான் அதில் சக்தியை ஏற்றி வைக்கிறான். பதுளையில் எங்கு மேடை கிடைத்தாலும் கலாநிதி ஜெசிந்தன் இதைச் சொல்லுவார். சொல்லுமுன் சட்டைப்பையிலுள்ள நீலப் பேனாவை ஒருமுறை தொட்டுக்கொள்ளுவார். பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய பேனா. மை தீர்ந்து இருபத்தைந்து வருடம். அது இல்லாமல் அவர் மேடை ஏறியதில்லை.

அன்று காலை, மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய், பெரிய சக்கரத்திலிருந்து சிவப்புத் துணி சுற்றிய இரும்புப் பல்லொன்றைக் கழற்றினார். அந்த ரோதைச் சக்கரத்தில்தான் ரோதைமுனி என்ற காவல் தெய்வம் குடியிருப்பதாகத் தோட்டத்து லய வீடுகளின் சனம் கற்பூரம் கொளுத்தும். நாளைய கருத்தரங்கில் அதைத் தூக்கிக் காட்டி, 'ஃபெட்டிஷ்' என்றால் மானிடவியலுக்குச் சக்தி ஏறிய பொருள், சமயத்துக்குப் பிழையான வணக்கம், உளவியலுக்கு விட முடியாத பிடிப்பு என்று விளக்க வேண்டும்.

"ஐயா, சும்மா எடுத்துட்டுப் போகாதீங்க," என்றாள் அங்கே விளக்கு வைக்கும் ரெங்கம்மா. "ஒங்களுக்கு உசுரான சாமான் ஒண்ண ஈடா வச்சிருங்க. இல்லாட்டி அதுவா வந்து எடுத்துக்கும்."

"என்னத்த எடுக்கும்?"

"எங்க அக்காளுக்கு மொதல்ல தலைமுடியத்தான் புடிச்சுச்சு."

ஜெசிந்தன் தின்று மிச்சமிருந்த மாரி பிஸ்கட்டை வைத்தார்.

"முனிக்குப் பிஸ்கட்டா? நல்ல படிப்புங்க," என்றாள் அவள்.

மாலை மழையில் கரண்ட் போனது. மனைவி லக்ஷிகா தலைமுழுகிவிட்டு, உள்ளறையில் கதவைச் சாத்திக் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். கூடத்து மேசையில் பல் இருந்தது. வாடிய தேயிலைக் கொழுந்தும் இயந்திரக் கிறீஸும் கலந்த வாடை எங்கிருந்தோ எழுந்து திரைச்சீலைகளில் ஏறியது. அதற்கடியில், தூரத்து ரயில் என்று அவர் முதலில் நினைத்த ஒரு சத்தம், சுற்றுக்கொரு முனகலோடு கிட்டக் கிட்ட வந்தது.

"என்னங்க, என்ன சத்தம் அது?"

"மழைதான்."

துணி முடிச்சு தானாக அவிழ்ந்திருந்தது. பல் அரைச் சுற்றுத் திரும்பியிருந்தது.

ஈடு.

பேனாவை எடுத்தார். மேசைவரை கொண்டுபோனார். நாளைக்கு மேடை. கை நின்றது. பேனாவைப் பையில் போட்டுவிட்டு ஒரு வாழைப்பழத்தை வைத்தார்.

சத்தம் நின்றது.

"என்னங்க... யாரு என் முடியப் புடிச்சு இழுக்கிறது?"

கதவின் அடியிடுக்கு வழியாக ஈரக் கூந்தல் வந்துகொண்டிருந்தது. தரையோடு. மேசைக்காலில் ஏறி. பல்லில் ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இறுக்கமாக. உள்ளே ஏதோ கதவில் மோதியது. மறுபடியும். அப்புறம் அவள் கூப்பிடவில்லை.

பல் சுற்றிக்கொண்டேயிருந்தது.

ஜெசிந்தனின் வலது கை சட்டைப்பையைப் பொத்திக்கொண்டிருந்தது.