இது அவள்தான்

தினமும் காலை காபி குடித்த கையோடு ஸ்டுடியோவுக்குப் போய் அக்காவைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். மாடியில் ஒரு ஏசி அறை, ஒரு திரை, ஒரு கேமரா. டிவி தொடரின் அன்றைய பகுதி ஓடும். அக்கா பூங்கோதை மாமியாராக வந்து மருமகளை முறைப்பாள், விஷம் கலந்த பாலைச் சிரித்தபடி நீட்டுவாள். வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நின்றவள் அவள். காட்சி முடிந்ததும் நான் கேமராவைப் பார்த்து, "இது அவள்தான்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஒளிபரப்பு.

அக்கா இறந்து ஆறு வருடம் ஆகிறது. நடிப்பது கணினியில் செய்த அவளுடைய நிழலுரு. முன்பெல்லாம் நடிகர் போய்விட்டால் "இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் எழுத்துப் போட்டு வேறு ஆளைக் கொண்டுவருவார்கள். இப்போது அந்தத் தொந்தரவு கிடையாது. கூடப் பிறந்தவர் ஒருவர் ஒப்புநராக உட்கார்ந்து முகம், குரல், நடை எல்லாம் சரி என்றால் போனவரே தொடர்ந்து நடிக்கலாம். குடும்பத்தாரின் நன்மைக்காக வந்த சட்டம் என்கிறார்கள். அக்காவே ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். "செத்தாலும் வில்லி நான்தான்டா" என்று அதற்கொரு சிரிப்பு வேறு.

ஒரே ஒரு நிபந்தனை. பாத்திரம் சாகும்வரை, நடிகர் செத்ததாக வெளியே மூச்சு விடக் கூடாது. போஸ்டர் இல்லை, படத்துக்கு மாலை இல்லை. ஹைதராபாத்தில் ஷூட்டிங் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தேன். அவளை மின்மயானத்தில் விட்டுவிட்டு வந்த மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. தினமும் பார்க்கிறவளுக்காக எப்படி அழுவது? பல் டாக்டர் போட்ட ஊசியின் மரமரப்பு நீங்காமலே நின்றுவிட்டதுபோல இருந்தது.

போன வாரம், மாமியாரைக் கொன்றுவிடலாம் என்று சேனல் முடிவு செய்தது.

இயக்குநர் ஷெரின் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினாள். நிழலுரு இருமியது. மருமகளின் கையைப் பிடித்து, "என்னை மன்னிச்சிடும்மா" என்றது. தலை சாய்ந்தது. பின்னணியில் வீணை வேறு.

"எனக்கே திருப்தியா இல்ல சார்" என்றாள் ஷெரின். "நீங்க ஆஸ்பத்திரியில கூடவே இருந்தீங்கல்ல? அக்கா கடைசியா என்ன சொன்னாங்க? அதையே வெச்சிடலாம். அவங்களுக்கு ஒரு மரியாதையா இருக்கும்."

மரியாதை என்றுதான் நிஜமாகவே நினைத்தாள். கெட்ட பெண் இல்லை.

அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அக்கா கண்ணைத் திறந்து, "கொஞ்சம் தள்ளி நில்லு பரிதி, லைட்ட மறைக்கிற" என்றாள். கேமரா முன்னாலேயே வாழ்ந்தவள் அல்லவா. தள்ளி நின்றேன். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. பிறகு அவள் பேசவில்லை. அவளுடைய சிரிப்பையும் தும்மலையும், புடவைத் தலைப்பை இழுத்துவிடும் விதத்தையும் நானே திருத்தித் திருத்தி இவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். என்னிடம் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். இதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

"ஒண்ணும் சொல்லலம்மா. தூக்கத்துலயே போயிட்டா" என்றேன். பிறகு கேமரா பக்கம் திரும்பி, "இது அவள்தான்" என்றேன். நாக்கு கூசவில்லை, பழகிவிட்டது.

காட்சி ஒளிபரப்பானதும், ஹைதராபாத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டதாகச் சேனலின் இரங்கல் செய்தியும் வந்தது. வீடு நிறைய ஆட்கள். "இன்னிக்கு அடுப்பு மூட்டாதீங்க தம்பி" என்று எதிர்வீட்டு ஜெபமணி அக்கா சோறும் ரசமும் கொண்டுவந்தார். ஆறு வருடமாக டிவி முன்னால் உட்கார்ந்து அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டியவர், இப்போது விசும்பி விசும்பி அழுதார். நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா தம்பி?"

"இருந்தேங்க்கா."

"ஏதாச்சும் சொன்னாங்களா?"

இவரிடம் சொல்லலாம் என்று தோன்றியது. அழுத பிள்ளையைத் தேற்றுவதுபோல என் கையைப் பிடித்திருந்தார். வாயைத் திறந்தேன். மனதுக்குள் அக்கா கண் திறந்து, தள்ளி நில்லு என்றாள். அது ஸ்டுடியோவில் நான் திருத்திக் கொடுத்த குரல். கண்ணை மூடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். முகமும் அங்கே செய்த முகம். மறுபடியும் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் இருந்த இடத்தில் செட் விளக்கு எரிந்தது.

ஜெபமணி அக்காவே எடுத்துக் கொடுத்தார். "டிவில காட்டினாங்களே, மன்னிச்சிடும்மான்னு. அப்படித்தானா?"

"ஆமாங்க்கா" என்றேன். "அப்படித்தான்."