வெள்ளை வளையம் போட்ட போல்ட்

"கண்ணைக் கட்டிவிட்டு ஒரு போல்ட்டைக் கையில் கொடுங்கள். அது எந்த வண்டியில் பிறந்தது, எத்தனை பேரை ஏமாற்றியது, எல்லாம் சொல்லிவிடுவேன். ஒரு கப்பலின் ஆணியை மோந்து பார்த்தே மாலுமியின் மாமியார் பெயரைச் சொன்னவனாக்கும் நான்!"

நட்டு போல்ட்டுக் கடையில் நாற்பது வருடம் உட்கார்ந்து ஓய்வுபெற்ற மரை மாமா இப்படி அளந்துகொண்டிருந்தார். எதிரே அவருடைய மைத்துனர். பள்ளி ஆய்வாளராக இருந்தவர். கண்ணால் காணாத எதற்கும் தலையாட்டாதவர். காதில் முழம் முழமாகப் பூ ஏறுவதைப் பொறுமையாக அனுபவித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா மூச்சிரைக்க வந்தார்.

"காரோட பக்கக் கண்ணாடி நிக்க மாட்டேங்குது மாமா. நாலு மணிக்குத் தகுதிச் சோதனை. ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்கும் ஆடினா வண்டி உடைப்புக்குத்தான். அப்புறம் நான் பிரசவம் பார்க்க நடந்தா போறது?"

மேசைமேல் ஒரு போல்ட்டை வைத்தார். "இது அதிலிருந்து விழுந்தது. இதே மாதிரி மூணு கடையில வாங்கிட்டேன். எல்லாமே ரெண்டு சுத்து போய் இறுகிக்குது. பள்ளத்துல ஏறி இறங்கினா கழண்டுடுது."

மாமா கண்ணைக் கட்டச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். மைத்துனர் தமக்குள் சிரித்துக்கொண்டார்.

"கார் என்ன நிறம்மா?"

"நீலம். கண்ணாடிக் கூடு கறுப்பு."

"எப்பலேர்ந்து இந்தத் தொல்லை?"

"போன மாசம் கண்ணாடிச் சில்லு மாத்தினதுலேர்ந்து. அன்னிக்கே பின்னால நம்பர் பலகையைக் கழட்டி அதோட விளக்கையும் சரிபண்ணினாங்க."

"மச்சான், இதோட தலைக்கு அடியில பாருங்க."

மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று ஒட்டியிருந்தது.

"நீல வண்டியில வெள்ளை பெயின்ட் எங்கே இருக்கும்?"

"நம்பர் பலகையில..." என்று தம்மை அறியாமல் சொல்லிவிட்டு, மைத்துனர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதேதான்! ரெண்டையும் ஒரே நாள் கழட்டி ஒரே தட்டுல போட்டிருக்காங்க. பருமன் ஒண்ணுதான், மரையோட இடைவெளிதான் வேற. இடம் மாத்திப் பூட்டிட்டாங்க. நீங்க கடையில மாதிரிக்குக் காட்டினதே தப்பான ஆளைம்மா. மூணு கடையிலயும் அந்தத் தப்பையே அச்சு அசலா எடுத்துக் கொடுத்திருக்காங்க. நிஜமான ஆளு வண்டிக்குப் பின்னாலயே தொங்கிக்கிட்டிருக்கான்!"

மூவரும் தெருவுக்கு ஓடினார்கள். மாமா நம்பர் பலகையைத் தட்டினார். அது டகடகவென்று ஆடியது. ஒரு பக்கத்துப் போல்ட் விரலாலேயே கழன்று வந்தது. அதைக் கண்ணாடிக் கூட்டில் வைத்துத் திருப்பினார். மைத்துனர் எண்ணினார். ஒன்பது சுற்று, வழுக்கிக்கொண்டு இறங்கியது. மாமா வெள்ளை வளையக்காரனை நம்பர் பலகையில் பூட்டினார். மைத்துனர் கண்ணாடியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். வண்டிதான் ஆடியது, கண்ணாடி அசையவில்லை.

ஐந்து மணிக்கு நர்ஸம்மாவிடமிருந்து போன் வந்தது: வண்டி தேறிவிட்டது. மாமாவின் மார்பு சட்டைப் பொத்தானைத் தெறிக்கவிடும் அளவுக்கு விரிந்தது.

"நான் ஒரு அதட்டு அதட்டினேன் பாரு," என்று மனைவியிடம் ஆரம்பித்தார், "பின்னால இருந்த போல்ட் தானா குதிச்சு முன்னால வந்து உட்கார்ந்துடுச்சு!"

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "நிஜமாடா?"

மைத்துனர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"குதிக்கலைக்கா," என்றார். "மத்ததெல்லாம் நடந்துச்சு. நான் கூடவே நின்னு பார்த்தேன்."