கேட்டு எடுத்த படங்கள்

அந்தக் கட்டடத்தில் யாரும் அவளிடம் 'எதுக்கு?' என்று கேட்கவில்லை.

பழைய கட்டடங்களைப் படம் எடுப்பதுதான் அவள் பிழைப்பு. கட்டடக்கலைப் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்துக்காக நகரத்தின் பழைய குடியிருப்புகளை, அவற்றின் மாடிப்படிகளை, வளைந்த முகப்புகளை, நீண்ட நடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டடம் எங்கும் ஓடிவிடாது. மனிதர்கள்தான் முறைப்பார்கள். இவள் வங்கியிலிருந்து வந்தவளா, இடிக்கப்போகிறவர்கள் அனுப்பிய ஆளா, பக்கத்து வீட்டுக்காரன் வழக்குக்காக ஏவிவிட்டவளா என்று ஆளாளுக்கு ஒரு சந்தேகம் வரும். ஒருமுறை ஒருவர் கேமராவின் வாரைப் பிடித்து இழுத்ததில் கழுத்தில் விழுந்த சிவப்புக்கோடு மறைய ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகுதான் அவள் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டாள். கேமரா பைக்குள் இருக்கும்போதே பேசிவிட வேண்டும். யார், எதற்கு, படம் எங்கே வரும் என்று சொல்லிவிட வேண்டும். காயப்போட்ட துணியோ, திறந்து கிடக்கும் படுக்கையறையோ, அம்மா பக்கத்தில் இல்லாத குழந்தையோ படத்துக்குள் வந்துவிடக் கூடாது.

அன்று சாயங்கால வெயிலில் அந்த முனைக் கட்டடம் அழகாக இருந்தது. தெரு திரும்பும் இடத்தில் அதுவும் கூடவே திரும்பிக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் வட்ட ஜன்னல்களோடு, கப்பல் ஒன்று கரையேறி நின்றுவிட்ட மாதிரி. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியிடம் அவள் வழக்கமான பாட்டை ஆரம்பித்தாள். பாதியிலேயே அவர் தலையை நிமிர்த்தாமல், எடுத்துக்கொள்ளலாம், வீட்டுக்காரர்களை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். அடையாள அட்டையைக்கூடக் கேட்கவில்லை.

முதல் மாடி நடையில் பினாயில் வாசனையும், அதற்கு அடியில் நெடுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மக்கிய துணியின் வாசனையும் கலந்து அடித்தது. அவள் முதல் கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், "எடுத்துக்கோங்க" என்றது.

அவள் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை.

கீழே பேசியது காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனாள். அங்கே ஒரு பெண் குரல். அதே வார்த்தை. அதே இழுப்பு. அதற்கடுத்த கதவில் ஒரு சிறு பிள்ளையின் குரல், அதே அமைதியோடு, தூக்கத்தில் பேசுவதுபோல. வேலைக்குப் போனவர்களும் பள்ளிக்கூடம் போனவர்களும் வீடு திரும்பும் நேரம் அது. ஒரு குழாய் திறக்கிற சத்தம் இல்லை, ஒரு பாத்திரம் உருளுகிற சத்தம் இல்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. எந்த வாசலிலும் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை. இத்தனை வருஷத்தில் வாசலில் செருப்பில்லாத குடியிருப்பை அவள் பார்த்ததே இல்லை. இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றியது. ஆனால் மறைக்கிறவர்கள் கேமராவைக் கண்டால் விரட்டத்தானே செய்வார்கள்?

இரண்டாம் மாடியில் ஒரே ஒரு கதவு திறந்தது. தலையை இழுத்து வாரியிருந்த நடுவயது அம்மாள் ஒருத்தி, வெகு நாளாக எதிர்பார்த்தவளை வரவேற்பதுபோல் உள்ளே கூப்பிட்டாள். ஜன்னலுக்கு வெளியே தெரு நன்றாக இருக்கும், அங்கிருந்து எடுத்துக்கொள் என்றாள். போகவேண்டாம் என்று ஒரு மனசு சொன்னாலும், அந்த ஜன்னலிலிருந்து தெருவின் வளைவு முழுவதும் கிடைக்கும் என்று தொழில் சொன்னது.

உள்ளே சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட படங்கள். கோயிலோ மலையோ கல்யாணமோ இல்லை. எல்லாம் வீடுகளின் கூடங்கள். யார் யாருடைய கூடங்களோ. ஒன்றில் தையல் மெஷின், ஒன்றில் மடக்குக் கட்டில், ஒன்றில் சுவரோரம் சாய்த்த மூன்று சக்கர சைக்கிள். ஒவ்வொரு படத்திலும், அறையின் கடைசிச் சுவரை ஒட்டி, யாரோ ஒருவர் நின்றிருந்தார். முகம் புரியாத தூரம். ஆளை அவ்வளவு பின்னால் தள்ளி நிறுத்தி எந்தப் படக்காரரும் எடுக்க மாட்டார். கூர்மை மட்டும் கண்ணைக் கூசவைத்தது. தரையின் கீறல்கூடத் தெரிந்தது.

யார் எடுத்தது என்று கேட்டாள்.

"நாங்கதான்மா. எல்லாம் கேட்டு எடுத்தது. கேட்காம ஒண்ணுகூட எடுக்க மாட்டோம்."

அவள் ஜன்னலிலிருந்து தெருவை எடுத்து முடித்துப் பையை மூடும்போது அந்த அம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சில் அந்த மக்கிய வாசனை.

"நீ எங்க இடத்தை எடுத்துட்டே. உன் வீட்டை நாங்க ஒண்ணு எடுத்துக்கலாமா?"

வாய் நிறையக் கேட்கிறவளிடம் என்ன சொல்வது? பேருந்தில் அறிமுகமானவர்களை ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்வோமே, அப்படித்தான் சொன்னாள்.

"அதுக்கென்ன, தாராளமா வாங்க."

விலாசத்தை அந்த அம்மாள் கேட்கவில்லை. அது வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கணவரிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை விசாரிக்கிற வேலை. தீப்பிடித்த கடை, திருட்டுப்போன வண்டி, படியில் தவறி விழுந்து உடைந்த கால் என்று நாளெல்லாம் கேள்வி கேட்பதுதான் தொழில். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. பால் ஏன் தண்ணியாக இருக்கிறது, மின்விசிறி ஏன் முனகுகிறது, உன் அக்கா ஏன் இன்று போன் பண்ணவில்லை. கேள்வி கேட்டே கழுத்தை அறுக்கிறீர்கள் என்று அவள் அலுத்துக்கொள்வாள். அன்றும் அந்தக் காவலாளிக்கு என்ன வயது, கதவுக்குப் பூட்டு உள்ளேயா வெளியேயா என்று தூங்கும்வரை குடைந்தார்.

சில நாள் கழித்து, வேறொரு பேட்டையில் வேலை முடித்து மாலையில் வீடு திரும்பியவளிடம், "உன் ஆளுங்க வந்துட்டுப் போனாங்க" என்றார். ஓர் அம்மாளும் ஒரு பெரியவருமாம். செருப்பே போடாமல் வந்தார்களாம். நீதான் வரச் சொன்னாய் என்றார்களாம். நல்ல மரியாதை தெரிந்தவர்கள் என்று அவர் வாயாலேயே சொன்னார். கூடத்தை எடுக்கலாமா என்று தனியாக, சமையலறையை எடுக்கலாமா என்று தனியாக, ஒவ்வொன்றுக்கும் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எடுத்தார்களாம்.

அவள் தோளிலிருந்த பையைக்கூட இறக்கவில்லை. கடைசியாக எதை எடுத்தார்கள் என்று கேட்டாள்.

"என்னைத்தான். உங்களையும் எடுத்துக்கலாமான்னு கேட்டாங்க. எடுத்துக்கோங்கன்னேன்."

யாரையும் நம்பாத மனிதர். எரிவாயு சிலிண்டர் கொண்டுவருகிறவரையே வாசலில் நிற்கவைத்து விசாரிக்கிறவர். வந்தவர்களின் கேமரா எப்படி இருந்தது என்று அவள் கேட்டதற்கு நெற்றியைச் சுருக்கி யோசித்தார். ஞாபகம் வரவில்லை என்றார். ஞாபகம் வராததைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

மறுநாள் காலை அவர் எதையும் கேட்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார், சட்டையை மாட்டினார், போனார். அதற்கடுத்த நாளும் அப்படியே. முதலில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு நாத்தனார் போன் பண்ணினாள்.

"அண்ணி, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா? நான் வேலையை விட்டுட்டேன்னு சொன்னேன். ஏன்னுகூடக் கேட்கலை. சரின்னுட்டார்."

அன்று சாயங்காலம் அவள் அவரைச் சோதித்துப் பார்த்தாள். பதிப்பகத்தில் தன்னை நிறுத்திவிட்டார்கள் என்றாள். சரி என்றார். இந்த வீட்டை விற்றுவிடலாம் என்றாள். சரி. உங்களை விட்டுவிட்டு ஒரேயடியாகப் போகப்போகிறேன் என்றாள். அவர் தலையைத் திருப்பி, அவள் முகத்தை அல்ல, முகத்துக்குச் சற்றுப் பக்கத்தில் எதையோ பார்த்தபடி, அதே பதமான குரலில் சரி என்றார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி முனகவில்லை. அவர் எழுந்து நடந்தபோது தரையில் காலடி கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்றாள். அவருடைய சோப்பு வாசனை இல்லை. மக்கிய துணி.

அந்த உருவத்தோடு ஒரே கூரைக்குக் கீழே படுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அக்கா வீட்டில் தங்கினாள். ஏன் வந்தாய் என்று அக்கா துருவித் துருவிக் கேட்டபோது, அந்தக் கேள்விகள் காதில் விழுவதே போதும்போல் இருந்தது. அக்காவிடம் சொல்ல நினைத்தாள். என்னவென்று சொல்வது? என் கணவர் கேள்வி கேட்கவில்லை என்றா?

மறுநாள் நல்ல வெயிலில் கேமரா இல்லாமல் அந்தக் கட்டடத்துக்குப் போனாள். காவலாளி நிமிரவில்லை. முதல் மாடியில் அவள் எந்தக் கதவையும் தட்டவில்லை. ஆனாலும் அவள் கடந்து போகப்போக, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குரல், சன்னமாக, எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க என்றது. அவள் ஓட்டமும் நடையுமாகப் படியேறினாள்.

இரண்டாம் மாடிக் கதவு திறந்தே இருந்தது. சுவரில் புதிதாக ஒரு படம்.

அவள் வீட்டுக் கூடம். அவள் தேய்த்துத் தேய்த்து நிறம் போன மேஜை. நாத்தனார் வாங்கிக்கொடுத்த திரைச்சீலை. கடைசியில், சமையலறை நிலைப்படியை ஒட்டி, அவர்.

கையைப் போட்டு அதைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். சுவரும் சட்டமும் ஒன்றாக வளர்ந்தவை மாதிரி இருந்தன. கண்ணாடி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

"வாம்மா" என்றது பின்னாலிருந்து குரல்.

அவள் திரும்பவில்லை. தான் வரச் சொன்னது வாய்ப்பேச்சுக்கு என்றாள், அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றாள். நீயும் கொடுத்தாய், உன் வீட்டுக்காரரும் கொடுத்தார், கொடுத்ததைத்தானே எடுத்தோம் என்றாள் அந்த அம்மாள், கோபமே இல்லாமல். படம் எடுக்கப் போகும் இடங்களில் யாராவது தன்னிடம் வேண்டாம் என்று சொன்னால், இவள் மறுபேச்சில்லாமல் அவர்கள் கண் முன்னாலேயே படத்தை அழித்துவிடுவாள். அந்த மரியாதையைத்தான் இப்போது கேட்டாள்.

"அழிச்சிடுங்க. தயவுசெஞ்சு அழிச்சிடுங்க."

அந்த அம்மாள் குழந்தைக்குப் புரியவைப்பதுபோல் கேட்டாள்.

"அழிச்சிட்டா, உள்ளே இருக்கிறவர்?"

அவள் படத்தைப் பார்த்தாள்.

நிலைப்படியில் யாரும் இல்லை.

அவர் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தார். கைகளை முன்னால் நீட்டி, இருட்டில் சுவரைத் தேடுகிறவர் மாதிரி. நடக்கிறதாகத் தெரியவில்லை. அவள் கண்ணை இமைத்தாள். இன்னும் பக்கத்தில். சட்டைப் பொத்தான் தெரிந்தது. மறுபடி இமைத்தாள். முகம். சவரம் செய்யாத முகம். பல நாளாகத் தூங்காத கண்கள்.

பக்கத்துப் படத்தில் தையல் மெஷினுக்கு முன்னால் ஒரு பெண். அதற்கடுத்ததில் சைக்கிளைத் தாண்டி ஒரு சிறுவன். சுவர் முழுக்க. எல்லோரும் முன்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

அவர் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், ஒன்றின்மேல் ஒன்றாக.

கண்ணாடியின் உட்புறத்தில், அவர் வாய்க்கு நேராக, மெல்ல ஆவி படர்ந்தது.

ஓர் உள்ளங்கை அதைத் துடைத்தது.

மறுபடி படர்ந்தது.